தட்டி அகன்ற தெரு

ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவுக்குச் செல்லும் வாய்ப்பு என்றேனும் கிட்டினால், குன்றின்மேல் நிற்கும் கோட்டையைக் கண்டபின் கிழக்கு நோக்கிக் கால்நடையாகவே இறங்குங்கள். ஹோலிரூட் அரண்மனை வரை சரிந்து செல்லும் அப்பெருந்தெருவுக்கு ராயல் மைல் என்று பெயர். பழைய ஸ்காட்லாந்துக் கணக்கில் ஒரு மைல். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர். 1995இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பழைய நகரின் முதுகெலும்பு இத்தெருவே எனலாம்.

இருமருங்கும் உயர்ந்த கற்கட்டடங்கள். அவற்றின் இடையே குகைவாயில் போன்ற குறுகிய சந்துகள் உண்டு. அவற்றை 'குளோஸ்' என்பார்கள். சந்துக்குள் இருக்கும் சிறு கடையோ உணவகமோ தெருவில் நடப்பவர் கண்ணில் படுவதில்லை. ஆகவே கடைக்காரர்கள், இரு பலகைகளை மேலே கீலிட்டு இணைத்த தட்டியைச் சந்துமுனையில் நிறுத்தி வந்தார்கள். ஆங்கில எழுத்தின் வடிவையொட்டி அதை ஏ-போர்டு என்பர்.

அதே தெருவில் வெள்ளைக் கோலூன்றி நடப்பவரையும் எண்ணிப் பாருங்கள். விளக்குக் கம்பம் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை அவர் நினைவில் பதித்துக்கொள்ளலாம். தட்டியோ இன்று சுவரோரம், நாளை நடுவழியில், காற்றடித்தால் தரையில். கோல் அதன் கால்களுக்கிடையே புகுந்துவிட்டால், முழங்கால் மோதிய பின்னரே தட்டி இருப்பது தெரியும். சக்கர நாற்காலியில் வருபவரோ வண்டிகள் ஓடும் சாலையில் இறங்க நேரும்.

சாலையில் தடையாக எப்பொருளையும் அனுமதியின்றி வைக்கலாகாது என்பது ஸ்காட்லாந்தின் 1984ஆம் ஆண்டுச் சாலைச் சட்டத்திலேயே உள்ளது. எனினும் தட்டிகள் பெருகின. எடின்பரோ நகர மன்றம் 2018 மே மாதம் முடிவெடுத்து, அவ்வாண்டு நவம்பர் 5 முதல் நகரெங்கும் அவற்றைத் தடை செய்தது.

சிறு வணிகர்கள் வருந்தினார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. பெருந்தெருவில் கண்ணாடி முகப்புடைய கடைக்குத் தட்டி ஓர் அலங்காரம். சந்துக்குள் இருப்பவருக்கோ அதுவே பிழைப்பு. சுவரில் பெயர்ப்பலகை மாட்டலாமென்றால், பழமைவாய்ந்த கட்டடங்களில் அதற்கும் அனுமதி பெறவேண்டும், செலவும் கூடும்.

அப்படியாயின் அளவு வகுத்து அனுமதித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். உரிமம் பெற்று, நடப்பதற்குப் போதிய அகலம் விட்டு வைத்துக்கொள்ளலாம் என்ற விதி பல ஊர்களில் உண்டு. ஆனால் உரிமம் பெற்ற தட்டியும் ஓரடி நகர்ந்துவிட்டால் அதே காயத்தையே உண்டாக்கும். எது விதிப்படி நிற்கிறது, எது விலகி நிற்கிறது என்பதைப் பார்வையற்றவர் மோதாமல் அறிவது எங்ஙனம்? விதியின் முழுப்பயன் அவரைச் சேரவேண்டுமாயின், பாதை முழுவதும் வெறுமையாய் இருத்தல் வேண்டும். வணிகரின் இழப்பு உண்மையே. எனினும் அதை ஈடுசெய்ய வேறு வழி தேடலாம். நடப்பவருக்கோ வேறு பாதை இல்லை.

பாதையிலுள்ள இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று கற்றவர்கள் நாம். உங்களுள் கடை வைத்திருப்போர், நாளைக் காலை கதவைத் திறக்கும்போது உங்கள் தட்டி எங்கே நிற்கிறது என்று ஒருமுறை பாருங்கள். அது நடைபாதையில் நின்றால், உங்கள் வாசற்படிக்கு மேலே ஏற்றி வையுங்கள்.