மெட்ராஸ்ல ஒரு நைட்... எங்கே தங்கலாம்?

இன்டர்வியூ லெட்டர் கைக்கு வந்ததும் வீட்டுல கேக்குற முதல் கேள்வி, "சென்னையில எங்கடா தங்கப்போறே?" சித்தப்பா வீடு, சீனியர் ரூம்னு அமைஞ்சவங்க கொடுத்துவெச்சவங்க. மத்தவங்களுக்கு லாட்ஜ்தான் கதி. லாட்ஜ்னதும் நாம பார்க்கிறது ஒண்ணே ஒண்ணுதான்... வாடகை எவ்வளவு? அதை நாலாவதா கேளுங்க பாஸ். அதுக்கு முன்னாடி மூணு கேள்வி இருக்கு!

காலையில எங்கே போகணும்?

சென்னையில தூரத்தைக் கிலோமீட்டர்ல அளக்காதீங்க, ரயில் பாதையில அளங்க. இன்டர்வியூ டைடல் பார்க் பக்கம்னா திருவல்லிக்கேணியில தங்கலாம். அங்கே பறக்கும் ரயில் ஏறினா நேரா திருவான்மியூர். கிண்டி, சைதாப்பேட்டை பக்கம்னா எழும்பூர் வசதி. கடற்கரை-தாம்பரம் மின்சார ரயில் அந்த வழியாத்தான் போகுது. எழும்பூர் ஸ்டேஷன் எதிரே கென்னத் லேன் முழுக்க லாட்ஜ் போர்டுதான். சென்ட்ரல் பக்கம்னா வால்டாக்ஸ் ரோடு, பெரியமேடு.

பஸ்ல வர்ற தென் மாவட்ட நண்பர்களுக்கு ஒரு சேதி. "கோயம்பேட்டுல இறங்கி பக்கத்துலயே ரூம் போடு"ங்கிற அண்ணன்மார் அட்வைஸ் இப்போ செல்லாது. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தாச்சு. அங்கேயிருந்து எழும்பூருக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர்! அந்தப் பயண நேரத்தையும் கணக்குல சேர்த்துக்கோங்க.

எத்தனை மணிக்கு இறங்குறீங்க?

இங்கேதான் பர்ஸ் கிழியும். காலையில 5 மணிக்கு இறங்குறீங்க. 10 மணிக்கு இன்டர்வியூ. ராத்திரி 9 மணிக்குத் திரும்பு ரயில். ஒரு லாட்ஜ்ல வாடகை 500, ஆனா பகல் 12 மணி செக்-அவுட். இன்னொண்ணுல 700, 24 மணி நேர செக்-அவுட். எது சீப்? முதல் லாட்ஜ்ல 12 மணி அடிச்சதுமே அடுத்த நாள் வாடகை ஆரம்பிச்சிடும். மொத்தம் 1,000. ரெண்டாவதுல அதே 700-தான். அதனால கவுன்ட்டர்ல முதல் வார்த்தையே, "அண்ணே, 24 அவர்ஸா, 12 மணியா?"

குளிச்சு, சட்டை மாத்தினா போதும்னு நினைக்கிறவங்களுக்கு லாட்ஜே வேண்டாம். சென்ட்ரல் ஸ்டேஷன்லயே ஓய்வறையும் டார்மிட்டரியும் இருக்கு. கன்ஃபர்ம் ஆன டிக்கெட்டோ, ஆர்.ஏ.சி. டிக்கெட்டோ இருந்தா, பி.என்.ஆர். நம்பர் போட்டு ஐ.ஆர்.சி.டி.சி. மூலமா முன்கூட்டியே பதிவு பண்ணிடலாம். பையை கிளோக் ரூம்ல வெச்சுட்டுக் கிளம்பலாம். பைக்குப் பூட்டு அவசியம்!

கதவு பூட்டுமா... படி திறந்திருக்கா?

"ஒரு நைட்தானே"ன்னு விடக்கூடாத விஷயம் இது. 2025 ஏப்ரல் 29 ராத்திரி கொல்கத்தா பர்ராபஜார்ல ஒரு ஹோட்டல்ல தீப்பிடிச்சதுல 14 பேர் இறந்துபோனாங்க. பெரும்பாலானவங்களைக் கொன்னது நெருப்பு இல்ல, புகை. நம்ம கரூர்க்காரங்களும் அதுல இருந்தாங்க. அவங்களும் ஊர் சுத்திப் பார்க்கப் போனவங்கதான்.

அதனால பணம் கட்டுறதுக்கு முன்னாடி ரூமைப் பார்த்தே ஆகணும். ஜன்னல் திறக்குதா? உள்தாழ்ப்பாள் விழுதா? இறங்க ரெண்டாவது படி இருக்கா? இருந்தா, அது பூட்டியிருக்கா, அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கா? ஒரு நடை இறங்கிப் பார்த்துடுங்க. ரெண்டு நிமிஷ வேலை. "அதெல்லாம் எதுக்கு தம்பி?"ன்னு கேட்டா, சிரிச்சுக்கிட்டே அடுத்த லாட்ஜுக்குப் போயிடுங்க.

தனியா வர்ற பெண்களுக்கு ரூம் இல்லைன்னு கைவிரிக்கிற லாட்ஜ்களும் உண்டு. ராத்திரியில போய் நின்னுக்கிட்டு வாதாட முடியாது. கிளம்புறதுக்கு முன்னாடியே போன் போட்டுக் கேட்டுடுங்க. தாம்பரத்துல தமிழக அரசோட தோழி விடுதி இருக்கு. வேலைக்குப் போற பெண்களுக்கானது. குறுகிய நாள் தங்கவும் இடம் தர்றாங்க. இன்டர்வியூன்னு சொல்லி முன்கூட்டியே விசாரிச்சுப் பாருங்க.

இப்போ கேளுங்க... மொத்தம் எவ்வளவு?

"வாடகை எவ்வளவு"ன்னு கேக்காதீங்க. "எல்லாம் சேர்த்து எவ்வளவு"ன்னு கேளுங்க. 7,500 ரூபாய் வரைக்குமான அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். 600 ரூபா ரூம்னா 630. அதுக்கு மேல போனா விளக்கம் கேக்கலாம், தப்பில்ல. அட்வான்ஸுக்கு ரசீது வாங்குங்க. ஆதார் கேட்டா கடைசி நாலு எண் மட்டும் தெரியுற மறைப்பு ஆதார் காப்பியைக் கொடுங்க. ஒரிஜினலை வாங்கி வெச்சுக்கிட்டா விட்டுட்டு வராதீங்க.

திருவல்லிக்கேணி மேன்ஷன்களைப் பத்திச் சொல்லாம முடிக்க முடியுமா? வேலை தேடி வந்த எத்தனையோ பேச்சிலர்களுக்கு சென்னையில முதல் விலாசம் அதுதான். பெரும்பாலும் மாச வாடகை. சிலதுல நாள் வாடகைக்கும் கிடைக்கும். இரும்புக் கட்டில், கொடியில காயுற சட்டை, பொது பாத்ரூம்னு ஆடம்பரம் எதுவும் கிடையாது. காலையில பாத்ரூமுக்கு க்யூ நிக்கணும், அதனால அலாரத்தை அரை மணி முன்னாடி வைங்க. ஆனா வெளியே வந்தா ரத்னா கபே சாம்பார் இட்லி. பாரதி சாலையில நேரா நடந்தா மெரினா. சாயங்காலம் காத்து வாங்கிட்டு, பைலை ஒரு தடவை சரிபார்த்துட்டு, பத்து மணிக்குப் படுத்துடுங்க. மறுநாள் இன்டர்வியூல தூங்கி வழியாம உட்கார்றதுக்குத்தானே ரூமே போட்டோம்!