பருப்புக்குள் ஒரு கிண்ணம்

உயிரியலில் சிறு கிண்ணம் போன்ற உறுப்புகளைக் குறித்த 'கொட்டிலே' என்னும் பழங்கிரேக்கச் சொல் இன்று தனித்து ஆளப்படுவது அரிது என்றாலும், அதிலிருந்து கிளைத்த 'காட்டிலிடன்' என்னும் கலைச்சொல்லைத் தமிழ்ப் பாடநூல்கள் 'வித்திலை' எனப் பெயர்த்து வழங்குகின்றன. கிண்ணத்தைக் குறித்த சொல், கிண்ண வடிவமே இல்லாத ஓர் உறுப்புக்கு எவ்வாறு பெயரானது என்று தேடிச் செல்பவருக்கு, வயலும் தொழுவமும் கடற்கரையும் நெருங்கிக் கிடக்கும் காரைக்கால் வேண்டிய சான்றுகளைத் தருகிறது.

காவிரியின் கடைமடையான இப்பகுதியில், சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே, நிற்கும் நெற்பயிருக்குள் ஈரமண்ணில் உளுந்தைத் தெளித்துவிடும் வழக்கம் உண்டு. ஊறிய உளுந்தின் கறுப்புத் தோலை விரலால் நெருடி நீக்கினால், வெள்ளைப் பருப்பு இரண்டாகப் பிரிந்து, அவற்றின் இடையில் ஓர் ஓரமாக ஒட்டியிருக்கும் சிறிய முளைக்கரு கண்ணில் படும். அடுக்களையில் பருப்பு எனப்படும் அந்த இரு பாதிகளே வித்திலைகள். முளைவிட்டதும் அவை மண்ணுக்கு மேலே எழுந்து, சேர்த்து வைத்த உணவை நாற்றுக்குக் கொடுத்துச் சுருங்கி உதிர்கின்றன. அதே வயலில் விளையும் நெல்லுக்கோ வித்திலை ஒன்றுதான். இரண்டிலும் கிண்ணம் என்று சுட்டத்தக்க வடிவம் இல்லை.

ஆகவே விடையைச் சொல்லின் பழைய ஆட்சிகளில்தான் தேட வேண்டியுள்ளது. ஒலியொப்புமை கருதி அதை மாட்டுக் கொட்டிலோடு உறவுபடுத்த இடமில்லை. கிரேக்கத்தில் 'கொட்டிலே' என்பது சிறு கிண்ணத்தையும், ஏறத்தாழக் கால் லிட்டர் கொள்ளும் முகத்தல் அளவையும் குறித்தது. ஹோமரின் இலியத் காப்பியத்தில், டையோமிடிஸ் எறிந்த கல் ஈனியாஸின் தொடையெலும்பு பொருந்தும் இடுப்புக் குழியைத் தாக்குமிடத்தில், அந்தக் குழிக்கு இச்சொல்லே பெயராக வருவதால், பாத்திரத்தின் பெயர் உடலுறுப்புக்கு ஏறியது மிகப் பழைய வழக்கம் என்பது தெளிவாகிறது.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் இதன் கிளைச்சொல்லான 'கொட்டிலெதோன்' என்பதை இரு வேறு உறுப்புகளுக்கு ஆண்டார். முதலாவது, பேய்க்கணவாயின் கைகளில் வரிசையாக அமைந்த உறிஞ்சிகள். காரைக்கால் மீனவர் வலையில் கணவாய் இனங்கள் விழுவது இயல்பே. பேய்க்கணவாயின் உறிஞ்சியைக் கூர்ந்து நோக்கினால், வெளியே அகன்ற புனல் போன்ற விளிம்பும் உள்ளே குழிந்த அறையும் தெரியும். அந்த உள்ளறைக்கு இன்றைய விலங்கியல் தரும் 'அசெட்டாபுலம்' என்னும் பெயர் உரோமானியரின் காடிக் கிண்ணத்தைக் குறித்த இலத்தீன் சொல்லாகும். உறிஞ்சிகளை அக்கிண்ணத்தோடு ஒப்பிட்டவர் கி.பி. முதல் நூற்றாண்டின் பிளினி.

இரண்டாவது ஆட்சியே தேடலுக்குத் திறவுகோலாக அமைகிறது. அசைபோடும் விலங்குகளின் கருப்பையில், தாய்க்கும் கருவுக்கும் இடையே உணவு கடக்கும் இணைப்புகளை அரிஸ்டாட்டில் அதே பெயரால் அழைத்தார். பசுவின் நஞ்சுக்கொடி ஒரே வட்டாக அமையாமல், ஏறத்தாழ 70 முதல் 120 வரையிலான தனித்தனிப் பொத்தான்களாக ஒட்டியிருக்கிறது. கருப்பைச் சுவரில் புடைத்த ஒவ்வொரு குமிழையும் கருவின் பக்கத்துத் திசு கிண்ணம் கவிழ்த்தாற்போல் மூடிக்கொள்கிறது. ஆட்டிலோ அமைப்பு தலைகீழாகி, தாயின் பக்கமே குழிந்த கிண்ணமாகிறது. கன்று பிறந்தபின் இப்பிடிகள் நெகிழாவிட்டால், 12 மணி நேரம் கடந்தும் நஞ்சு விழாமல் தங்கிவிடுகிறது.

17ஆம் நூற்றாண்டில், கோழிக்குஞ்சின் கருவளர்ச்சியையும் தாவர உடற்கூற்றையும் ஒருசேர ஆராய்ந்த இத்தாலிய மருத்துவர் மால்பீகி முதலியோரின் வழியே இப்பெயர் விதைக்குள் நுழைந்தது. கருவுக்கு ஊட்டும் நஞ்சுக்கொடியைப் போலவே முளைக்கு ஊட்டுவது இந்த உறுப்பு என்பதே ஒப்புமையின் அடிப்படை. ஆதலால் வடிவம் பின்தங்கத் தொழில் மட்டும் பெயரோடு சென்றது. வித்திலையின் எண்ணிக்கையால் தாவரங்களைப் பிரிக்கலாம் என்று ஜான் ரே 1682இல் எடுத்துக்காட்டினார். 1751இல் லின்னேயஸ், விதையின் பக்கத்தே அமைந்து, நீரை உறிஞ்சிப் பின் உதிர்ந்துவிடும் உறுப்பு என்று அதை வரையறுத்ததோடு, வித்திலைகளின் அமைவு முறைக்கு நஞ்சுக்கொடியின் இலத்தீன் பெயரிலிருந்தே ஒரு கலைச்சொல்லையும் ஆக்கினார். காரைக்கால் பிரெஞ்சு ஆட்சிக்குள் சென்ற 1739க்குச் சரியாக அரை நூற்றாண்டு கழித்து, 1789இல் பாரிசின் ஜுசியே வித்திலையில்லாதவை, ஒருவித்திலை, இருவித்திலை எனத் தாவர உலகத்தையே வகுத்தார்.

நஞ்சுக்கொடியைத் தாவரத்தோடு இணைக்கும் இந்த ஒப்புமை தமிழ் நாட்டுப்புறத்துக்கும் அந்நியமன்று. ஈன்ற பசுவின் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி, பால் வடியும் ஆலமரத்தின் கிளையில் கட்டினால் மடியில் பால் பெருகும் என்னும் நம்பிக்கை, விழுந்த உறுப்பையும் அது ஊட்டும் உறுப்பாக இருந்தது என்பதை மறவாமல் போற்றுகிறது. உளுந்து வயலில் அத்தகைய சடங்கு ஏதும் இல்லை; முதல் இலைகள் விரிந்த சில நாளில், வெறுமையான இரு வித்திலைகளும் தண்டிலிருந்து கழன்று நெல்தாளின் இடையே விழுந்துவிடுகின்றன.