பத்து வாற் பல்ப்

ரொறன்ரோவில் ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்களுக்கு ஆண்டில் பாதிதான் ஆண்டு. நவம்பரில் மூடி வைத்தால் ஏப்ரலில்தான் வெளியே எடுப்பார்கள். எடுத்து, திறப்பைத் திருப்பி, பட்டனை அழுத்தினால் பலருடைய வண்டி மூச்சே விடாது. பனி உருகி முடிவதற்குள் மோட்டார் சைக்கிள் கடைகள் நிரம்பி வழியும். என் நண்பர் ஒருவரின் 125 சிசி ஸ்கூட்டரும் இந்த வசந்தத்தில் இப்படி நின்றுவிட்டது. கடையில் கொடுத்தார். புதுப் பற்றரி போட்டார்கள், அசையவில்லை. ஸ்ராட்டர் ரிலேயை மாற்றினார்கள், அசையவில்லை. கடைசியில், வயர்க்கட்டு முழுவதையும் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடவேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள். அந்தத் தொகைக்கு ஓடுகிற நிலையில் இன்னொரு பழைய ஸ்கூட்டரே வாங்கலாம்.

"ஸ்காபரோவில ஒரு அண்ணை இருக்கிறார். கடைக்காரர் கைவிட்ட வண்டியெல்லாம் அவரிட்டத்தான் போகுது. நீங்களும் வாங்கோ, எழுத ஏதும் கிடைக்கும்" என்றார் நண்பர். போனேன்.

வாகனம் திருத்தும் கடைகள் வரிசையாக இருக்கிற ஒரு நீளக் கட்டடத்தின் பின்பக்கம் அவருடைய இடம். ஆசனங்கள் கழற்றப்பட்ட ஸ்கூட்டர்கள் நெருக்கியடித்து நிற்க, நடுவில் ஒரு முக்காலியில் அண்ணை இருந்தார். வண்டியைத் தொடுவதற்கு முன் கேள்விகள்தான். "எங்க விட்டு வைச்சனீங்கள், கராஜுக்குள்ளயோ வெளியிலயோ? மூடினது துணியாலயோ பொலித்தீனாலயோ? எலி வாறதோ?" பொலித்தீன் உறைக்குள் ஈரம் அடைபட்டு வேர்க்கும்; சுவிச்சுகளுக்குள் கறள் பிடிக்கும். கராஜுக்குள் என்றால் எலி காற்று வடிகட்டிப் பெட்டிக்குள் கூடு கட்டி, வயரையும் கடித்து வைத்திருக்கும். பதிலுக்குத் தக்கபடி அவர் பார்க்கத் தொடங்குகிற இடமும் மாறும்.

முதலில் பற்றரி. கடைக்காரர் போட்ட புதுப் பற்றரிதான். ஆனால் மீற்றர் 12.1 வோல்ற் என்றது. முழுதாகச் சார்ஜ் ஏறிய ஈயப் பற்றரி சும்மா இருக்கும்போது 12.7 அளவில் காட்டவேண்டும். 12.1 என்றால் பாதிக்கு மேல் போய்விட்டது. ஸ்கூட்டரின் பற்றரி சின்னது. வண்டி நின்றாலும் மணிக்கூடும் திருட்டு அலாரமும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். முழுச் சார்ஜில் இருக்கிற பற்றரியை இந்த ஊர்க் குளிர் ஒன்றும் செய்யாது. வெறுமையான பற்றரிக்குள் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். அது பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகையளவிலேயே உறைந்து தகடுகளை நெளித்துவிடும். நவம்பரில் பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து, அவ்வப்போது சார்ஜ் ஏற்றினால் ஏப்ரலில் வருகிற தொல்லையில் பெரும்பங்கு இல்லாமல் போகும் என்றார் அண்ணை. பிறகு பற்றரியைச் சார்ஜில் போட்டார்.

சார்ஜ் ஏறியது. பட்டனை அழுத்தினால் ரிலேயின் 'டிக்' சத்தம்கூட இல்லை. முன் விளக்கு மட்டும் பளிச்சென்று எரிந்தது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் பிரேக் பிடித்தால்தான் ஸ்ராட்டர் வேலை செய்யும். வண்டி திடீரென்று பாய்ந்துவிடக்கூடாது என்பதற்காக வைத்த காவல் அது. அண்ணை இடக்கைப் பிரேக்கைப் பிடித்தார், பிறகு வலக்கையை. பின்னால் சிவப்பு விளக்கு எதற்கும் எரியவில்லை. "ரெண்டு சுவிச்சும் ஒரேயடியாச் சாகாது. ரெண்டுக்கும் பொதுவா வாற வயரிலதான் பிழை" என்றார். கடையில் ஒருவரும் பின்னால் போய் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்க்கவில்லை.

பிறகு மேசை லாச்சியிலிருந்து அந்தச் சாமானை எடுத்தார். இன்டிகேற்றருக்குப் போடுகிற பத்து வாற் பல்ப், ஒரு பழைய ஹோல்டர், இரண்டு முழ வயர், ஒரு நுனியில் முதலைக் கிளிப், மறுநுனியில் கூராக்கிய சைக்கிள் கம்பி. வயர் ஹோல்டருக்குள் நுழைகிற இடத்தில் நூல் சுற்றி மெழுகு பூசியிருந்தது. விலையுயர்ந்த மீற்றர் பக்கத்திலேயே கிடந்தது. அதன் ஊசியைப் பிரேக் சுவிச்சுக்கு வருகிற வயரில் வைத்துக் காட்டினார்: 12.5. மின்சாரம் வருகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அதே இடத்தில் பல்ப்பை வைத்தார். எரியவில்லை. "மீற்றர் கரண்டை இழுக்காது தம்பி. ஒரு தும்பு வயர் தொட்டுக்கொண்டிருந்தாலும் பன்னிரண்டு எண்டு சொல்லும். இது முக்கால் அம்பியர் கேக்கும். கிணத்தில தண்ணி நிண்டாக் காணுமே? வாய்க்கால் அடைபட்டால் பயிருக்கு என்ன போகும்?"

அந்தக் கடை முழு வயர்க்கட்டையும் மாற்றச் சொன்னதற்கு மீற்றரை மட்டும் நம்பியதே காரணம் என்று நினைக்கிறேன். அண்ணை பல்ப்போடு வயரின் வழியே பின்னோக்கிப் போனார். முன் சில்லுக்குப் பின்னால், கால் வைக்கும் தகட்டுக்குள் ஒரு இணைப்பு. அதற்கு முன்னால் வைத்தால் பல்ப் எரிந்தது. பின்னால் வைத்தால் எரியவில்லை. குறட்டால் இழுத்துப் பிரித்தபோது உள்ளே செப்பு முழுவதும் பச்சைத் தூளாகியிருந்தது. பனிக்காலத்தில் இந்த நகரத்துத் தெருக்களில் கொட்டி, பனி உருகிய பின்னும் கிடக்கிற உப்பு, முன் சில்லு எற்றித் தெறிக்கிற சேறோடு நேரே அங்கேதான் போய்ப் படிகிறது. கெட்ட நுனிகளை வெட்டி, ஈயம் வைத்துப் பற்றவைத்து, உறை போட்டுச் சுருக்கி, கிறீஸ் பூசினார். வண்டி முதல் அழுத்திலேயே கிளம்பியது.

எல்லா வயரிலும் பல்ப்பை வைக்கமாட்டார். இந்தக் காலத்து இன்ஜெக்‌ஷன் ஸ்கூட்டர்களில் கணினிக்கும் சென்சர்களுக்கும் போகிற வயரில் அதை வைத்தால் உள்ளே கருகிவிடக்கூடும். அங்கே மீற்றர்தான்.

இதை எங்கே படித்தீர்கள் அண்ணை என்று கேட்டேன். யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் என்றார். மின்நிலையம் இருந்த ஊர். 1990 ஜூனில் அரசுக்கும் புலிகளுக்கும் மீண்டும் சண்டை தொடங்கியபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. பெற்றோலுக்கும் பற்றரிக்கும் தடை. அப்போது அவர் மாமாவின் சைக்கிள் கடையில் எடுபிடிப் பையன். பின்னேரம் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, தைனமோவை ரேடியோவுக்குக் கொடுத்து, கையால் பெடலைச் சுற்றுவார்கள். பிபிசி தமிழோசை கேட்கச் சனம் சுற்றிவர நிற்கும். தைனமோ தருவது மாறுமின்; ரேடியோவுக்கு அது ஆகாது. உடைந்த ரேடியோக்களிலிருந்து டயோட்டுகளைக் கழற்றி, நான்கை இணைத்து நேர்மின்னாக்கப் பழகினார். கொஞ்சம் வேகமாகச் சுற்றினால் வோல்ற் ஏறி ரேடியோ எரிந்துவிடும். அதற்காகத் தைனமோவோடு ஒரு சைக்கிள் பல்ப்பையும் சேர்த்துக் கட்டிவிடுவார். சுற்றுகிற பையன் அதன் வெளிச்சத்தைப் பார்த்துக் கையை மட்டுப்படுத்துவான்.

மோட்டார் சைக்கிள்கள் ஒரு சொட்டுப் பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடின. பற்றரி இல்லாமலே தீப்பொறி தருகிற ஹொண்டா சி 50 போன்ற பழைய வண்டிகளுக்கு அப்போது பெரிய மதிப்பு. மற்றவற்றை ஓடவைப்பதுதான் வேலை என்றார். 1995 ஒக்ரோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கி வர, ஊர் முழுக்க நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்குப் போனபோது குறடும் டயோட்டுகள் போட்டு வைத்த போத்தலும் அவருடைய பையில் போயின.

இங்கே வந்தபின் பல ஆண்டுகள் மற்றவர் கடைகளில் கூட்டிப் பெருக்குவதும் டயர் மாற்றுவதும்தான் வேலை. ஒன்ராறியோவில் மோட்டார் சைக்கிள் திருத்த 310ஜி என்ற சான்றிதழ் கட்டாயம். இரவில் ஆங்கிலம் படித்து, சோதனை எழுதி, அதை எடுத்தார். சான்றிதழ் வந்தது, கூலி வரவில்லை. கடைகள் தங்களால் முடியாத வண்டியை இவருக்கு அனுப்புகின்றன. வாடிக்கையாளரிடம் மணித்தியாலக் கணக்கில் முழுதாக வாங்கிக்கொள்கின்றன. இவருக்குக் கொடுப்பது வயரைப் பற்றவைத்த நேரத்துக்கு மட்டும். "கண்டுபிடிக்க ரெண்டு மணித்தியாலம். திருத்த அஞ்சு நிமிசம். அவங்கள் தாறது அஞ்சு நிமிசத்துக்கு" என்றார், கோபமில்லாமல்.

எனக்குக் கோபம் வந்தது. சாமான் மாற்றினால் அதன் விலையில் லாபம் வைக்கலாம். பழுது எங்கே என்று தேடுகிற மூளையில் லாபம் வைக்க வழியில்லை. ஆகவே நல்ல ரிலேயும் நல்ல வயர்க்கட்டும் குப்பைக்குப் போகின்றன, ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிற மனிதன் கடன் அட்டையை நீட்டுகிறான், உண்மையில் வேலை செய்தவருக்குக் கையில் சில்லறை. இது திறமைக் குறைவு அல்ல, கொள்ளை. வண்டி கொடுக்கிறவர்கள் பில்லைப் படிக்கவேண்டும். எந்தச் சாமானை ஏன் மாற்றினீர்கள், எப்படிச் சோதித்தீர்கள் என்று கேட்கவேண்டும். கழற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேட்டு வாங்கவேண்டும்.

அண்ணை இந்த ஆண்டு தன் பில்லில் 'பழுது தேடிய நேரம்' என்று தனியாக ஒரு வரி போடத் தொடங்கியிருக்கிறார். வேலை அனுப்புகிற கடைகளில் இரண்டு அதற்குப் பணம் கொடுக்கின்றன. ஒன்று அனுப்புவதை நிறுத்திவிட்டது. அந்தக் கடையின் வாடிக்கையாளர் சிலர் இப்போது நேரே இவரிடமே வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள்.