இந்தப் பக்கம் மான் வந்ததா?

மங்களூர் என்றதும் நேத்திராவதி ஆறும் மீன் குழம்பும் ஞாபகம் வந்தால், மன்னிக்கவும். இது வேறு மங்களூர். கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்துக்கு மேற்கே, மழையை நம்பிச் சோளமும் பருத்தியும் போடுகிற ஊர். 2006 தேர்தல் வரை ஒரு சட்டமன்றத் தொகுதிக்குப் பெயராகவும் இருந்தது. தொகுதி மறுசீரமைப்பில் அந்தப் பெருமையும் திட்டக்குடிக்குப் போய்விட்டது.

போன பொங்கலுக்கு அங்கே போயிருந்தேன். டெக்ஸாஸிலிருந்து அக்கா மகன் வந்திருந்தான். கம்ப்யூட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போகிறான் என்றுதான் அக்கா நம்பிக்கொண்டிருந்தாள். பையன் வில்லும் அம்புமாக மான் வேட்டைக்குப் போகிறானாம்.

"அதுவும் நம்ம ஊர் புள்ளிமான் மாமா" என்றான், ஏதோ உறவுக்காரனைப் பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி.

உண்மைதான். இந்தியப் புள்ளிமானை 1932-ல் டெக்ஸாஸுக்குக் கொண்டுபோனார்கள். ஹவாய்த் தீவுகளுக்கு அதற்கும் முன்பே, 1860-களில் போய்விட்டது. அங்கே புலியும் இல்லை, செந்நாயும் இல்லை. பெருகி, ஊர்க் காட்டையும் புல்லையும் மேய்ந்து தீர்க்கிறது. லைசென்ஸ் இருந்தால் வருஷம் முழுக்க வேட்டையாடலாம். இங்கே 1972-ம் வருஷச் சட்டப்படி அதே மானைத் தொடக்கூடாது. இதைப் படித்துவிட்டு யாராவது வில்லைத் தூக்கிக்கொண்டு வேப்பூர்க் காட்டுப் பக்கம் போனால் நான் பொறுப்பல்ல.

அக்கா வீட்டு ஷோகேஸில் விருத்தாசலத்தில் வாங்கிய பீங்கான் மான் பொம்மை ஒன்று நிற்கிறது. கொலுவுக்கு வாங்கியது, அப்படியே தங்கிவிட்டது. அதை எடுத்து என் முன்னால் வைத்தான்.

"எங்க அடிப்பீங்க மாமா?"

தலையைக் காட்டினேன். சிரித்தான்.

"தலை சின்னது, ஆடிக்கிட்டே இருக்கும். எலும்பு வேற. அம்பு தாடையில பட்டா என்ன ஆகும்? சாவாது. ஆனா தின்னவும் முடியாது."

பிறகு முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் கீழ்ப்பாதியில் பால்பாயின்ட் பேனாவால் ஒரு புள்ளி வைத்தான். உள்ளே நுரையீரல், அதையொட்டி இதயம். துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியிலேயே சாய்த்துவிடும். அம்புக்கு அந்த பலம் கிடையாது. அது வெட்டுகிறது, ரத்தம் போய்த்தான் மான் விழும். இரண்டு நுரையீரலையும் துளைத்தால் சில விநாடிகளில் நினைவு போய்விடும். ஆகவே மான் பக்கவாட்டில் நிற்க வேண்டும், அல்லது கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும். நேருக்கு நேர் நின்றால் கூடாது. பின்புறம் காட்டினால் கூடாது. ஓடும்போது கூடவே கூடாது.

"தூரம்?"

"முப்பது மீட்டருக்கு மேல நான் எய்ய மாட்டேன்."

ஏன் என்று கணக்குப் போட்டுக் காட்டினான். அவனுடைய அம்பு விநாடிக்கு 85 மீட்டர் போகும். முப்பது மீட்டரைக் கடக்க விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் கூட ஆகும். நாண் அதிரும் சத்தம் விநாடிக்கு 340 மீட்டர். அம்புக்குக் கால் விநாடி முன்பே சத்தம் மான் காதுக்குப் போய்விடுகிறது. பாய்வதற்காக மான் முதலில் கீழே பதுங்கும். நுரையீரலுக்கு வைத்த அம்பு முதுகில் ஏறிவிடும். இந்த விஷயத்தில் புள்ளிமான் மகா உஷார். காதை விறைத்து, தலையைத் தூக்கி, முன்னங்காலைத் தரையில் தட்டினால் அன்றைக்கு அவ்வளவுதான், நாணை மெதுவாக இறக்கிவிட வேண்டும்.

"கொல்றதுல நல்லது கெட்டது வேறயா?" என்றாள் அக்கா, அடுப்படியிலிருந்து. ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும்தான். இங்கிலாந்தில் வில்லால் மான் வேட்டையாடுவதையே சட்டம் தடுத்திருக்கிறது. அதனால் அக்கா கட்சிக்கும் ஆள் இருக்கிறது.

நம் பெருமையைக் காப்பாற்ற வல்வில் ஓரியை இழுத்தேன். கொல்லிமலை ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்ததைப் புறநானூறு பாடுகிறது. பையன் அசரவில்லை. "அம்பு துளைச்சு வெளிய போறது நல்லதுதான் மாமா. ஆனா மானுக்குப் பின்னால என்ன நிக்குதுன்னு தெரியாம எய்யக் கூடாது. அந்த உடும்பு என்ன பாவம் பண்ணுச்சு?"

யோசித்துப் பார்த்தால் நம் இதிகாசங்களில் பாதிக் கஷ்டம் இப்படி வந்ததுதான். தசரதன் இருட்டில் குடத்தில் தண்ணீர் நிரம்பும் சத்தத்தை யானை என்று நினைத்து அம்பு விட்டான், மகனைப் பிரிந்து சாகும்படி சாபம் வாங்கினான். பாண்டு கூடியிருந்த மான்களை அடித்தான். அதில் ஒன்று முனிவர். கிருஷ்ணனின் பாதத்தை மான் என்று நினைத்து ஜரா என்ற வேடன் எய்தான். மூன்று பேருக்கும் குறி தப்பவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சாப்பிட்டு முடித்துத் திண்ணைக்கு வந்தோம். அவனிடம் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

எழுபதுகளின் நடுவில், எனக்குப் பத்து வயசு இருக்கும். அப்போது இது தென்னாற்காடு மாவட்டம். வேட்டைத் தடைச் சட்டம் வந்திருந்தது, எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை. தாத்தாவின் சோளக் கொல்லையில் குருவி ஓட்டிக்கொண்டிருந்தேன். தூரத்தில் வெடிச் சத்தம். கொஞ்ச நேரத்தில் ஒரு மான் தள்ளாடி வந்து சோளத்துக்குள் புகுந்தது. பெட்டை. என்னைப் பார்த்தது என்றே இன்னமும் நினைக்கிறேன்.

பின்னாலேயே நாட்டுத் துப்பாக்கியோடு இரண்டு பேர்.

"தம்பி, இந்தப் பக்கம் மான் வந்துச்சா?"

"இல்லியே" என்றேன். ஏரிப் பக்கம் கையைக் காட்டினேன். போய்விட்டார்கள். ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

பிற்பாடு கல்லூரியில் திருக்கோவையார் படித்தபோது 'கலைமான் வினாதல்' என்று ஒரு துறை வந்தது. தினைப்புனம் காக்கும் பெண்ணிடம் பேச்சுக் கொடுக்க, அம்பு பட்ட மான் இந்தப் பக்கம் வந்ததா என்று தலைவன் கேட்பான். மான் கிடையாது, சும்மா ஒரு சாக்கு. வகுப்பே சிரித்தது. நான் மட்டும் சோளக் கொல்லையில் இருந்தேன்.

"அப்புறம் என்ன ஆச்சு மாமா?"

"மூணாம் நாள் காக்கா வட்டம் போட்டுது. தாத்தாதான் போய்ப் பார்த்தார். காலால சுத்துமுத்தும் மண்ணைப் பறிச்சுப் போட்டிருந்தது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "சோளத்து மேல ரத்தம் இருந்துச்சா? என்ன நிறம்?"

ஐம்பது வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. எனக்கு மறக்கவில்லை. "கறுப்பா இருந்துது. நடுவுல பச்சையா ஏதோ. நாத்தம் வேற."

"வயிறு" என்றான். நுரையீரலில் பட்டால் ரத்தம் இளஞ்சிவப்பாக, நுரையோடு இருக்கும். அரைமணி பொறுத்துத் தேடினால் போதும். கறுஞ்சிவப்பு என்றால் ஈரல். பச்சையும் நாற்றமும் வயிறு. அதுதான் மோசம். உடனே துரத்தினால் ஓடிக்கொண்டே இருக்கும். எட்டு மணி, பத்து மணி நேரம் விட்டுப் பிடித்து, எங்கே படுத்ததோ அங்கேயே போய் முடிக்க வேண்டும். முடித்தே ஆக வேண்டும்.

"அப்ப நான் காட்டிக் கொடுத்திருந்தா?"

"அன்னிக்கே முடிஞ்சிருக்கும் மாமா." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அடிச்சவங்க தப்பு மாமா. உங்களுக்குப் பத்து வயசு" என்றான்.

ஆறுதலுக்குச் சொன்னான். நான் பதில் சொல்லவில்லை. உள்ளே அக்கா பீங்கான் மானில் இருந்த பேனாக் கறையைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே திட்டுவது கேட்டது.

போன மாசம் டெக்ஸாஸிலிருந்து போன். விடிகாலையிலிருந்து நாலு மணி நேரம் மரத்து மேல் உட்கார்ந்திருந்தானாம். ஒரு கலைமான் வந்ததாம். இருபத்தைந்து மீட்டர், அழகாகப் பக்கவாட்டில்.

"அடிச்சியா?"

"இல்ல மாமா. நாணை இழுத்துட்டேன். தலையைத் தூக்கிப் பார்த்துடுச்சு."