ஒரே சீட்டு, வேறு சட்டம்

ஸ்காபரோ, கனடா



இங்குள்ள வகுப்புகளில் தமிழ்ப் பிள்ளையும் சோமாலியப் பிள்ளையும் பிலிப்பினோப் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து படிக்கிறார்கள். ‘எல்லோரையும் மதிப்போம்’ என்று சுவரில் ஒட்டியிருப்பதை ஒருவரும் நின்று வாசிப்பதில்லை. சீட்டுக்கட்டை எடுத்தால்தான் வகுப்பு நிமிர்ந்து உட்காருகிறது.

அப்படி ஆடும் ஓர் ஆட்டம் ‘பார்ங்கா’. உருவாக்கியவர் ஒரு தமிழர்: சென்னையிலிருந்து போய் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் குடியேறிய சிவசைலம் தியாகராஜன். 1980இல் லைபீரியாவில், பார்ங்கா என்ற ஊரில் வேலை செய்தபோது உருவாக்கினார். ஊர்ப்பெயரே ஆட்டத்துக்கும் நிலைத்துவிட்டது.

ஏஸிலிருந்து ஏழு வரை 28 சீட்டுகள். மேசைக்கு மேசை சட்டத்தை எழுதிக் கொடுத்துப் பழகவிடுவார்கள். பிறகு தாளை வாங்கிக்கொண்டு, “இனி வாய் திறக்கக் கூடாது” என்பார்கள். வென்றவர் ஒரு மேசைக்கும் தோற்றவர் வேறொரு மேசைக்கும் மாற வேண்டும். ஒரு மேசையில் ஏஸ் பெரிது, இன்னொன்றில் சிறிது. ஓரிடத்தில் டைமன் துரும்பு, ஓரிடத்தில் துரும்பே இல்லை. இந்தச் சங்கதி பிள்ளைகளுக்குத் தெரியாது.

நான் பார்த்த வகுப்பில், மேசை மாறி வந்த சிறுமி ஏஸைப் போட்டுவிட்டுப் அந்தச் சுற்றின் சீட்டுகளை அள்ளக் கை நீட்டினாள். எதிரே இருந்த பையனும் தன் ஐந்தைக் காட்டியபடி அதே சீட்டுகள்மேல் கையை வைத்தான். அவள் ஒற்றை விரலை உயர்த்திக் காட்டினாள். அவன் தலையை ஆட்டி மறுத்தான். மற்ற இருவரும் அவன் பக்கம். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

ஆட்டம் முடிந்ததும் ஆசிரியை கேட்ட முதல் கேள்விக்கே, “அவங்க கள்ள ஆட்டம் ஆடினாங்க” என்று பல குரல்கள். சட்டங்கள் வேறு என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி: “விட்டுக்கொடுத்தது யார்?” பெரும்பாலும் புதிதாக வந்தவர்தான். குடிபெயர்ந்த வீடுகளில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

இப்படிச் செய்துகாட்டிப் பாடம் புகட்டுவது புதிதல்ல. 1968இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், அயோவா மாநிலத்து ஆசிரியை ஜேன் எலியட் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தை வைத்துப் பிரித்து, ஒரு சாராரை உயர்வாகவும் மறு சாராரைத் தாழ்வாகவும் நடத்திக் காட்டினார். பாகுபாட்டின் வலியை உணர்த்திய புகழ்பெற்ற பாடம். ஆனால் சிறுவர்களை அப்படி நோகடிக்கலாமா என்ற சர்ச்சை ஓயவேயில்லை. பார்ங்காவில் ஒருவரைப் பொறுக்கித் தாழ்த்துவதில்லை. சங்கடம் எல்லோருக்கும் பொது.

ஆசிரியர்களாக இருக்கும் வாசகர்களே, செலவென்று பார்த்தால் சில சீட்டுக்கட்டுகள்தான். ஆனால் ஆடிய நேரத்தைவிடப் பேசும் நேரத்தைக் கூடுதலாக ஒதுக்குங்கள். அந்தப் பேச்சு இல்லையென்றால் பிள்ளைகள் வெறும் சீட்டுத்தான் ஆடியிருப்பார்கள்.