பூண்டெண்ணெய்க்கு ஆயுசு கம்மி

மலேசியாவில் செர்டாங் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. அடுப்படியில் இருப்பதும் செம்பனை எண்ணெய்ப் பாக்கெட்தான். ஆனால் பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டினால் பாட்டிமார் கை இன்னும் நல்லெண்ணெய்ப் போத்தலுக்குத்தான் போகும்.

அம்மா பூண்டெண்ணெயைக் குழிக்கரண்டியிலேயே காய்ச்சுவார். கரண்டி பாதி நல்லெண்ணெய், தோலோடு தட்டிய நாலைந்து பூண்டுப் பல், ஒரு சிட்டிகை ஓமம். தீ சின்னதாக இருக்க வேண்டும். பல்லின் ஓரம் சுருங்கிப் பொன்னிறமாகும்போது இறக்கிவிடுவார்; கறுத்தால் எண்ணெய் கசந்துபோகும். கை பொறுக்கும் சூட்டில் நெஞ்சு, முதுகு, உள்ளங்கால் என்று தேய்ப்பார். சளி கரையும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. ஆனால் பிள்ளை தூங்கும், அம்மாவும் தூங்கலாம். பொரிந்த பூண்டு மறுவேளை ரசத்தில் விழும். நாளைக்கு வேண்டுமென்றால் நாளைக்குத்தான் காய்ச்சுவார்.

டவுனில் சீனர் கடைக் கொய்தியாவ் சூப்பின் மேல் மினுங்குவதும் பூண்டெண்ணெய்தான். அந்த ஒரு கரண்டி இல்லாவிட்டால் சூப் வெறும் வெந்நீர். சில கடைகளில் பன்றிக் கொழுப்பில் பொரிப்பார்கள். வேண்டாதவர்கள் கேட்டுக்கொள்வது நல்லது.

பூண்டைத் தட்டுவதில் காரணம் இருக்கிறது. முழுப்பல்லில் அல்லிசின் கிடையாது. நசுங்கும்போது ஒரு நொதி வேலை செய்து அதை உண்டாக்குகிறது. 1944-இல் அமெரிக்காவில் காவல்லிட்டோவும் பெய்லியும் பிரித்தெடுத்துக் காட்டிய பொருள் அது. நசுக்கிய கையோடு சூட்டில் போட்டால் நொதி செத்துவிடும். அதனால் தட்டிப் பத்து நிமிடம் விட்டுப் பிறகு எண்ணெயில் போடுங்கள்.

காதுவலிக்கு இரண்டு சொட்டு விடும் பழக்கத்தை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் உள்ளே இறங்கிவிடும். ஓட்டை இருக்கிறதா என்று வெளியிலிருந்து யார் பார்ப்பது?

இப்போது பலர் பச்சைப் பூண்டைப் போத்தல் நிறைய எண்ணெயில் ஊறப்போட்டு, மாதக்கணக்கில் அலமாரியில் வைக்கிறார்கள். என் பயமெல்லாம் அதில்தான். மண்ணிலிருந்து பூண்டோடு வரும் பொட்டுலிசக் கிருமி, காற்றுப் புகாத எண்ணெய்க்குள் விழித்துக்கொண்டு நஞ்சைக் கக்கும். 1985-இல் கனடாவின் வான்கூவர் நகரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேர் இப்படித்தான் நோயில் விழுந்தார்கள். குளிரில் வைக்க வேண்டிய பூண்டெண்ணெயை வெளியே வைத்திருந்தார்கள். நிறம் மாறாது, நாற்றம் வராது. மோந்து பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். நம் ஊர் வெக்கைக்கு அந்தக் கிருமி நன்றாகவே வளரும்.

ஆகவே கொஞ்சமாகக் காய்ச்சுங்கள். மிஞ்சினால் ஐஸ்பெட்டியில் வைத்து நாலு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். அதற்கு மேல் ஆனதைக் கொட்டிவிடுங்கள்.