தைப்பூசத்துக்குத் தயாராகும் வடலூர் அடுப்பு

மார்கழி கடைசியில் கடலூர் மாவட்டத்து வயல்கள் இரண்டு நிறமாகத் தெரியும். முன்பட்டத்தில் நட்ட சம்பா பழுத்துத் தலை சாய்ந்து நிற்கும். தாமதமாக நட்ட வயல்களில் கதிர் இன்னும் பச்சையாக, பால் பிடித்துக்கொண்டிருக்கும். சேத்தியாத்தோப்பு பக்கம் அறுவடை இயந்திரங்கள் வந்து இறங்கும். குறிஞ்சிப்பாடி பக்கம் களத்து மேட்டைச் செதுக்கி, தார்ப்பாயை வெயிலில் காயப்போடுவார்கள். இந்த நேரத்தில்தான் வடலூரில் ஒரு சமையற்கூடமும் தன் புது வருடத்துக்குத் தயாராகிறது. வள்ளலார் இராமலிங்க அடிகள் தொடங்கிய சத்திய தருமச்சாலை அது.

வடலூர் இருக்கும் இடம் விவசாயிக்குச் சட்டென்று புரியும் இடம். சென்னையிலிருந்து பண்ருட்டி, நெய்வேலி வழியாகக் கும்பகோணம் போகும் சாலையும், கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் சாலையும் இங்கே சந்திக்கின்றன. வடக்கே பண்ருட்டி பக்கம் செம்மண், முந்திரியும் பலாவும். கிழக்கே குறிஞ்சிப்பாடியைத் தாண்டினால் பெருமாள் ஏரிப் பாசனம். தெற்கே சேத்தியாத்தோப்பு, அதற்கப்பால் வீராணம், முழுக்க நெல். மேற்கே நெய்வேலியின் நிலக்கரிச் சுரங்கம். மானாவாரிக்காரரும் ஏரிப் பாசனக்காரரும் ஒரே சந்தைக்கு வரும் ஊர் இது. தருமச்சாலைக்கு வந்து சேரும் பொருள்களும் அப்படித்தான் பலவகையாக இருக்கின்றன.

காணி கொடுத்த ஊர்

1866ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தின் பல பகுதிகளில் மழை பொய்த்துத் தானிய விலை ஏறிப் பஞ்சம் வந்தது. அடுத்த ஆண்டு, 1867 மே 23ஆம் நாள், பிரபவ வருடம் வைகாசி 11 அன்று, வள்ளலார் இங்கே தருமச்சாலையைத் தொடங்கினார். முதலில் எழும்பியது மண் சுவரும் கூரையும்தான். சாதி, மதம், ஊர் எதுவும் கேட்காமல் பசி என்று வந்தவருக்குச் சோறு போட வேண்டும் என்பதே ஏற்பாடு.

நிலம் எங்கிருந்து வந்தது என்பதை உழவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அப்போது பார்வதிபுரம் என்று அழைக்கப்பட்ட இந்த ஊரின் மக்கள் சுமார் 80 காணி நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள். ஒரு காணி 1.32 ஏக்கர் என்று கொண்டால் ஏறக்குறைய 106 ஏக்கர். பஞ்சத்துக்கு அடுத்த வருடத்தில் நிலம் வைத்திருந்தவர்கள் அதை விட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்த நிலத்தில்தான் பின்னர் எண்கோண வடிவிலான சத்திய ஞானசபையும் எழுந்தது. 1872 ஜனவரி 25 தைப்பூச நாளில் அங்கே வழிபாடு தொடங்கியது. இன்று இரண்டும் இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் இருக்கின்றன.

21 அடி அடுப்பு

தருமச்சாலையின் அடுப்பு 21 அடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி ஆழம். தரையில் எடுத்த கால்வாய் போல நீண்டு கிடக்கும். ஒரே தீயில் வரிசையாக அண்டாக்களை ஏற்றலாம். சோறு ஒரு பக்கம், குழம்பு ஒரு பக்கம் என்று ஒரே நேரத்தில் வேலை நடக்கும். 1867இல் மூட்டிய தீ அணையவிடப்படாமல் காக்கப்பட்டு வருகிறது. அதனால்தான் இதை அணையா அடுப்பு என்கிறார்கள். சமையல் இல்லாத நேரத்திலும் விறகு வைத்துக் கனலைக் காப்பாற்றுகிறார்கள். அன்றாடம் மூன்று வேளையும் பந்தி நடக்கிறது. சாப்பாடு முழுக்கச் சைவம்.

பந்தியில் உட்காருபவர்களைப் பார்த்தால் பக்தர்கள் மட்டும் இல்லை என்பது தெரியும். வேலை தேடி வந்தவர், பிள்ளைகள் கைவிட்ட முதியவர், பேருந்து மாறும் நடுவில் பசித்தவர் என்று எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறார்கள். தைப்பூசம் வருடத்துக்கு ஒருமுறை வருகிறது. இவர்களுடைய பசி தினமும் வருகிறது. சாலையின் வருடக் கணக்கைப் பார்க்க வேண்டியது இந்த இடத்திலிருந்துதான்.

பூசம் நெருங்கும்போது

தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில் ஊரின் முகமே மாறிவிடும். தருமச்சாலைக்கு வெள்ளையடிப்பு, பாத்திரங்களுக்கு ஈயப் பூச்சு, விறகு அடுக்குதல், அரிசி மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தல் என்று வேலை தொடங்கும். பூசத்துக்கு முதல் நாள் கொடியேற்றம். பூச நாளில் ஞானசபையில் ஏழு திரைகளும் நீக்கப்பட்டு, காலை ஆறு மணி முதல் மறுநாள் விடியல் வரை ஆறு காலம் சோதி தரிசனம். அதற்கு அடுத்த நாள் மேட்டுக்குப்பத்தில் திருவறை தரிசனம். வெளி மாவட்டங்களிலிருந்து சன்மார்க்க அன்பர்கள் அரிசி, பருப்பு, காய்கறிகளை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு வந்து, ஆங்காங்கே பந்தல் போட்டு அன்னதானம் செய்வார்கள்.

பூசம் தையில் வருவது விவசாயிக்கு வசதி. நெல் அப்போதுதான் வீட்டுக்கு வருகிறது. பொங்கலுக்கு விளைந்த பூசணி, பரங்கி, வாழை, கரும்பு எல்லாம் கையில் இருக்கும். கொடுக்க மனமும் இருக்கும், பொருளும் இருக்கும். ஆனால் எல்லோரும் அந்த ஒரு வாரத்திலேயே கொண்டுபோய் இறக்கினால், கத்தரியும் தக்காளியும் கீரையும் இரண்டு மூன்று நாளில் வாடி, பிறகு குப்பைக்குப் போக வேண்டியதுதான். அதே விவசாயி வீட்டில் ஐப்பசி, கார்த்திகையில் குதிர் அடியைத் தொட்டிருக்கும். அந்த மாதங்களிலும் அடுப்பு எரியத்தான் வேண்டும்.

வானமும் எப்போதும் ஒத்துழைப்பதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. பூசத்துக்குச் சில வாரங்களே இருந்தன. முப்பது நாற்பது வருட முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. நெல்லும் கரும்பும் படுத்துவிட்டன. கொடுத்துப் பழகிய கைகளே நிவாரணத்துக்கு நீண்ட வருடம் அது. 2015இல் மறுபடியும் வெள்ளம். வயல் நன்றாக விளைந்த வருடத்தில் சேர்த்துவைத்தால்தான் இப்படிப்பட்ட வருடத்தில் அண்டா ஏறும்.

ஒரு மூட்டை நெல்லின் கணக்கு

சிறு விவசாயி பலருக்கு, நாம் கொடுக்கும் ஒரு மூட்டை இவ்வளவு பெரிய அடுப்பில் எந்த மூலைக்கு என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 75 கிலோ நெல்லை அரைத்தால், மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்து, ஏறக்குறைய 50 கிலோ அரிசி கிடைக்கும். ஒருவருக்கு ஒரு வேளைக்கு 150 கிராம் அரிசி. அப்படியானால் ஒரு மூட்டை 333 பேருக்கு ஒரு வேளைச் சோறு. அரை மூட்டை கொடுத்தாலும் 160 பேர் வயிறு நிறையும்.

நிலம் இல்லாத குடும்பத்துக்கும் வழி உண்டு. உலை வைக்கும்போது தினமும் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவைப்பது நம் பாட்டிமார் காலத்துப் பழக்கம். ஒரு பிடி 50 கிராம் என்றால் மாதத்துக்கு ஒன்றரை கிலோ. பத்துப் பேருக்கு ஒரு வேளை. ஒரு தெருவில் இருபது வீடு சேர்ந்தால் மாதம் 30 கிலோ.

கொடுக்கும் நெல் எப்படி இருக்க வேண்டும்?

இயந்திரத்தில் அறுத்த நெல்லில் ஈரம் 20 சதவீதம் வரை இருக்கும். அதை அப்படியே சாக்கில் கட்டினால் இரண்டு மூன்று நாளில் உள்ளே சூடேறும். மணி பழுப்பு நிறமாகி வாடை வந்துவிடும். அந்த அரிசி சோற்றுக்கு ஆகாது. அது மட்டும் அல்ல, 20 சதவீத ஈரத்தில் 75 கிலோ நிற்கும் மூட்டை, 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் 70 கிலோதான் நிற்கும். மீதி 5 கிலோ வெறும் தண்ணீர்.

நெல்லைக் களத்தில் இரண்டு மூன்று அங்குல கனத்துக்குப் பரப்பி, மணிக்கு ஒருமுறை கிளறிக் காயவைக்க வேண்டும். உச்சி வெயிலில் ஒரே மூச்சில் காய்ந்தால் மணிக்குள் கீறல் விழுந்து, அரைக்கும்போது நொய்யாகிவிடும். காலையும் மாலையும் காயவைத்து, நடுப்பகலில் குவித்து மூடுவது நல்லது. காய்ந்த மணியைக் கடித்தால் படக்கென்று உடையும். நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது. 14 சதவீதத்துக்குக் கீழே வந்தால் சாக்கில் கட்டலாம். பல மாதம் இருப்பு வைப்பதென்றால் 12 சதவீதம் நல்லது.

புது அரிசியைப் பெரிய அண்டாவில் வடித்தால் குழைந்துவிடும். பொங்கலுக்கும் கஞ்சிக்கும் அது சரி. பந்திச் சோற்றுக்கு நான்கைந்து மாதம் பழகிய நெல்லின் அரிசிதான் உதிரியாக வரும். அளவும் கூடுதலாகக் காணும். தையில் கிடைத்த நெல்லை நன்றாகக் காயவைத்து வீட்டிலேயே வைத்திருந்து, ஆனி, ஆடியில் கொடுத்தால் சமையலுக்கும் உகந்தது, இருப்பு குறையும் காலத்துக்கும் உதவும். மூட்டைகளை வெறும் தரையில் போடாமல் மரச் சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்க வேண்டும். சாக்கு புதிதாகவோ, வெந்நீரில் அலசிக் காயவைத்ததாகவோ இருக்கட்டும். பழைய சாக்கில்தான் கூன்வண்டும் அந்துப்பூச்சியும் தங்கியிருக்கும். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டு நெல்லில் வைக்கவே கூடாது. அதன் வாயு ஆளைக் கொல்லும்.

இன்னும் சில எச்சரிக்கைகள். விதை நேர்த்திக்கு மருந்து கலந்த நெல் மிஞ்சினால் அதை எந்தச் சமையலுக்கும் கொடுக்கக் கூடாது. கழுவினாலும் மருந்து போகாது. சன்ன ரகத்தையும் மோட்டா ரகத்தையும் ஒரே சாக்கில் கலக்க வேண்டாம். ஒன்று வெந்து குழையும்போது இன்னொன்று வேகாமல் நிற்கும். மருந்து தெளித்த கத்தரி, வெண்டை, அவரையை, மருந்து டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் முடிந்த பிறகே பறித்துக் கொடுக்க வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைக்குச் சமைக்கத் தயங்கும் காயை அந்த அடுப்புக்கும் அனுப்பக் கூடாது.

மாதத்துக்கு ஒரு பொருள்

இந்த வட்டாரத்தின் பயிர்களைப் பார்த்தால், வருடம் முழுவதும் கொடுக்க ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கிறது. தையில் நெல், பூசணி, பரங்கி. முற்றிய பூசணியைக் காம்போடு அறுத்து, காற்றோட்டமான இடத்தில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் கெடாது. மாசியில் புளி. பங்குனியில் நெல் தரிசு உளுந்து; அப்போதே சிறு பலாக்காயும் கறிக்கு வரும். சித்திரையில் நிலக்கடலை, ஆட்டிய எண்ணெயாகவே கொடுக்கலாம். வைகாசியில் மாங்காய், ஊறுகாய்க்கு. புரட்டாசியில் குறுவை நெல். சேனை, கருணை போன்ற கிழங்குகள் எடுத்த பிறகும் பல வாரம் தாங்கும். வாழைக்காரர் இலையாகக் கொடுக்கலாம். முந்திரி, சவுக்குத் தோப்பு வைத்திருப்பவர் கவாத்துச் செய்த கிளையைக் காயவைத்து விறகாகக் கொடுக்கலாம். 21 அடி அடுப்புக்கு அரிசிக்கு அடுத்த தேவை விறகு.

ஊராகச் சேர்ந்து செய்வது இன்னும் எளிது. ஐந்தாறு விவசாயிகள் பேசி, ஆளுக்கு ஒரு மாதம் என்று பிரித்துக்கொண்டால் ஒரே வண்டியில் போய்விடும். என்ன கொண்டுவருகிறோம், எவ்வளவு, எந்த நாள் என்பதைச் சாலை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். கொடுத்த பொருளுக்கு எடை போட்டு ரசீது வாங்கிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

வடலூருக்குக் கடலூர், சிதம்பரம், விருத்தாசலம், பண்ருட்டியிலிருந்து பேருந்துகள் உண்டு. கடலூர்–விருத்தாசலம் பாதையில் ரயில் நிலையமும் இருக்கிறது. பூச நாளில் கூட்டம் மிகுதி. பொருள் கொண்டுபோகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்கலாம். சாலை தொடங்கிய நாள் வைகாசி 11. சம்பா நெல் அதற்குள் நான்கு மாதம் பழகியிருக்கும். இந்த வருடம் களத்திலேயே ஒரு சாக்கைத் தனியாகக் கட்டி, தேதி எழுதி வைத்தால், அந்த நாளுக்குக் கொண்டுபோகச் சரியாக இருக்கும்.